சண்டைப் படம் போட்டது போதும், காட்டுல தீனி எங்க போச்சுன்னு எழுதுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை பேப்பர்ல உள்பக்கத்துல முக்காவாசிக்கு ஒரு படம் போட்டிருந்தீங்க, ஆப்பிரிக்காவுல செத்துக் கெடக்கிற எருமை மேல ஒரு சிங்கமும் ஏழெட்டு கழுதைப்புலியும் மோதிக்கிற படம், கழுதைப்புலி சிங்கத்துகிட்டயே திருடுதுங்கிற மாதிரி தலைப்பு. அதே பக்கத்துல கீழ் மூலையில நாலு வரியில ஒரு செய்தி, இங்க மலேசியாவுல, பேராக்ல எங்க ஊர் பக்கம் செம்பனைத் தோட்டத்து ஓரத்துல கட்டியிருந்த மாட்ட புலி அடிச்சிருச்சு, மக்கள் பயந்து போயிருக்காங்கன்னு. ஐயா, இந்த ரெண்டும் ஒரே விஷயம். படத்துக்கு முக்கால் பக்கம், மாட்டுக்கு நாலு வரி, ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு ஒரு வார்த்தை கூட இல்ல. அதுக்குத்தான் இந்தக் கடுதாசி, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

நான் தோட்டத்துல லோரி ஓட்டி ரிட்டையர் ஆனவன், இப்ப நாலஞ்சு மாடு வச்சிருக்கேன். எங்க பக்கத்துல பொழுது சாஞ்சா கோப்பி கடையில போன எடுத்து வச்சிக்கிட்டு இந்த மாதிரி வீடியோதான் பார்ப்பாங்க, சிங்கமா கழுதைப்புலியா, புலியா கரடியா, யார் ஜெயிப்பான்னு பந்தயம் கட்டாத குறை. சின்னப் பசங்க பார்க்கிறது பரவால்ல, ஆனா அத பார்த்துட்டு காட்டு மிருகம்னாலே ராத்திரி பகலா ஒண்ண ஒண்ணு கடிச்சிக்கிட்டு திரியுதுங்கன்னு ஒரு நெனப்பு வந்துருது பாருங்க, அந்த நெனப்போடதான் நம்ம ஆளுங்க தோட்டத்து ஓரத்துல புலி காலடிய பார்க்கிறாங்க, அதுல இருந்துதான் எல்லாத் தப்பும் ஆரம்பிக்குது.

மொதல்ல அந்தக் கழுதைப்புலி விஷயத்த நேர் பண்ணிடுறேன். 1960-கள்ல ஹான்ஸ் குரூக்னு ஒரு விஞ்ஞானி தான்சானியாவுல செரெங்கெட்டியிலயும் ங்கொரொங்கோரோங்கிற எரிமலைப் பள்ளத்தாக்குலயும் கழுதைப்புலிங்க பின்னாலயே நிலா வெளிச்சத்துல ஜீப்ல சுத்தினாரு. அதுக்கு முன்னால எல்லாரும் விடிஞ்சப்புறம் போய்தான் பார்த்தாங்க, பார்த்தா சிங்கம் நடுவுல உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கும், கழுதைப்புலி சுத்தி நின்னு காத்துக்கிட்டு இருக்கும், உடனே சிங்கம் வேட்டைக்காரன், இது மிச்சம் பொறுக்கின்னு எழுதிட்டாங்க. குரூக் ராத்திரியில கூடவே இருந்து பார்த்ததுல அந்தப் பள்ளத்தாக்குல பல தடவ கதை தலைகீழா இருந்துச்சு, கழுதைப்புலிங்க கூட்டமா ஓடி காட்டுமாட்டையோ வரிக்குதிரையையோ அடிச்சு விழுத்தும், விழுத்தினதும் தீனிக்காக அதுங்களுக்குள்ளயே கத்தி கூச்சல் போடும், அந்தக் கூச்சல கேட்டு சிங்கம் வந்து எல்லாத்தையும் வெரட்டிட்டு உக்காந்துக்கும். விடியக்காலையில நாம போய் பார்க்கிறப்ப திருடன் ராஜா மாதிரி தெரியுறான், உழைச்சவன் திருடன் மாதிரி தெரியுறான். இது அம்பது வருஷத்துக்கு முந்தி தெரிஞ்சு போன விஷயம் ஐயா, இன்னமும் நம்ம பேப்பர்ல கழுதைப்புலி திருடுதுன்னு போட்டா எப்படி. எல்லா எடத்துலயும் அப்படியேதான்னும் சொல்லல, செரெங்கெட்டி சமவெளியில கழுதைப்புலி செத்ததையும் நெறைய திங்குது, எடத்துக்கு எடம் மாறுது. யார் எப்ப வேட்டைக்காரன், யார் எப்ப பறிக்கிறவன்கிறது அங்க எவ்வளவு மான் மாடு இருக்கு, எத்தன பேர் கூட இருக்காங்கங்கிறத பொறுத்தது.

எத்தன பேருங்கிறதுக்கு ஒரு நல்ல கணக்கே இருக்கு. போட்ஸ்வானாவுல சவூத்தின்னு ஒரு எடம், சோபே தேசிய பூங்காவுக்குள்ள இருக்கு, அங்க பார்த்து எழுதினது 1991-ல வந்துச்சு. பெண் சிங்கம் ஒண்ணுக்கு நாலு கழுதைப்புலிக்கு மேல சேர்ந்தா, ஆண் சிங்கம் எதுவும் பக்கத்துல இல்லாட்டி, கழுதைப்புலிங்க தீனிய பறிச்சிடும். ஒரு ஆண் சிங்கம் வந்து நின்னா போதும், கணக்கு மாறிடும், ஏன்னா அது 190 கிலோவுக்கு பக்கம், கழுதைப்புலி 50, 60 கிலோ. அதுங்க சும்மா வெறி பிடிச்சு மோதல, எண்ணிப் பார்க்குது, எடை போடுது, தோத்துடுவோம்னு தெரிஞ்சா வெலகி நிக்குது, ஆள் சேர்ற வரைக்கும் ஊ... ஊன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்குது. கத்தல், மயிர சிலுப்புறது, பல்ல காட்டுறது, நாலடி முன்னால வந்து மூணடி பின்னால போறது, முக்காவாசி நேரம் இதோட முடிஞ்சிடுது. நிஜமா கடிச்சு ரத்தம் வர்றது கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்தத்தான் வீடியோ எடுத்து நமக்கு அனுப்புறாங்க.

ஏன் வெலகிப் போகுதுன்னா காட்டுல ஆஸ்பத்திரி கிடையாது. கோரைப்பல்லு ஒடஞ்சா, கால் எலும்பு முறிஞ்சா, வேட்டை போச்சு, வேட்டை போனா உயிரு போச்சு. சிவிங்கிப்புலிய எடுத்துக்கங்க, நம்ம ஆளுங்க சீத்தான்னு சொல்லுவாங்க, நெலத்துல அத விட வேகமா ஓடுறது எதுவும் இல்ல, ஆனா மான அடிச்சு விழுத்தினதும் அதுக்கு மூச்சு வாங்கும், கொஞ்ச நேரம் அப்படியே கெடக்கும். அந்த நேரத்துல ஒரே ஒரு கழுதைப்புலி வந்தா கூட எந்திரிச்சு போயிடும், சண்டையே போடாது. கோழைன்னு கமெண்ட் எழுதுறான் ஒருத்தன். தனியா வாழ்ற மிருகம், கால்ல ஒரு கடி பட்டா குட்டியோட சேர்ந்து பட்டினி, அது போட்ட கணக்குதான் சரி.

இனிமே சொல்றதுதான் முக்கியமான விஷயம், தயவு செஞ்சு இத கவனிச்சு படிங்க. தீனிய பறி கொடுத்த மிருகம் அடுத்து என்ன பண்ணும்? திரும்பவும் வேட்டைக்குப் போகும். ஆப்பிரிக்காவுல காட்டுநாய் இருக்கு, உடம்பு முழுக்க சாயம் கொட்டின மாதிரி திட்டுத் திட்டா இருக்கும், கூட்டமா ஓடி ஓடி வேட்டையாடும், அந்த ஓட்டத்துக்கு அதுக்கு செலவாகிற சக்தி பயங்கரம். 1998-ல ஒரு ஆராய்ச்சியில அதோட உடம்பு செலவழிக்கிற சக்திய அளந்து கணக்கு போட்டாங்க, சாதாரணமா ஒரு நாளைக்கு மூணரை மணி நேரம் போல வேட்டையாடுற நாய், அடிச்ச தீனியில கால்வாசிய கழுதைப்புலிகிட்ட பறி கொடுத்தா, அத ஈடு கட்ட 12 மணி நேரம் வேட்டையாடணும்னு கணக்கு வந்துச்சு. கால்வாசி போனதுக்கு கால்வாசி கூட ஒழைச்சா பத்தாது, மூணு மடங்குக்கு மேல. சம்பளம் வாங்கிட்டு வர்ற வழியில கால்வாசிய பிடுங்கிட்டான்னா ரெண்டு ஓவர்டைம் பார்த்து சரி பண்ணிடலாம், ஆனா ஓவர்டைம் பார்க்கவே கூட சாப்பாடு வேணும்னா என்ன பண்றது, அந்த நெலம. அதனாலதான் கழுதைப்புலியும் சிங்கமும் அதிகமா இருக்கிற எடத்துல காட்டுநாய் தேறுறது கஷ்டம்.

எல்லா மிருகமும் அப்படியே திரும்ப ஓடும்னும் இல்ல. அமெரிக்காவுல எல்லோஸ்டோன் பூங்காவுல 1995-ல ஓநாய கொண்டு வந்து விட்டாங்க, அங்க பழுப்புக் கரடி ஓநாய் அடிச்சத வந்து எடுத்துக்கும். கரடி பிடுங்கிட்டா ஓநாய் இன்னும் அதிகமா கொல்லும்னுதான் எல்லாரும் நெனச்சாங்க, 2017-ல வந்த ஆராய்ச்சியில ஸ்வீடன் பக்கமும் எல்லோஸ்டோன்லயும் பார்த்தா, கரடி இருக்கிற எடத்துல ஓநாய் கொல்றது கொறஞ்சுதான் இருந்துச்சு. கரடி வந்தாலும் ஓடாம பக்கத்துலயே கெடந்து மிச்சத்துக்குக் காத்திருக்கலாம்னு ஒரு விளக்கம் சொல்றாங்க. ரஷ்யாவுல சைபீரியப் புலி அடிச்சத பழுப்புக் கரடி மோப்பம் பிடிச்சு வந்து பறிக்கும், அதே புலி சமயம் பார்த்து கரடியவே அடிச்சுத் தின்னும். மிருகம் மாறினா கணக்கும் மாறும், ஆனா அடியில ஒண்ணே ஒண்ணுதான், தீனி எவ்வளவு இருக்கு, எத்தன வாய் இருக்கு.

நம்ம காட்டுக்கு வர்றேன். நம்ம காட்டுல சிங்கமும் இல்ல கழுதைப்புலியும் இல்ல, ஆனா இதே ஆட்டம் நடக்குது, புலி, சிறுத்தை, செந்நாய் மூணும் ஒரே காட்டுல இருக்கு. மூணும் எப்படி ஒண்ணா பொழைக்குதுன்னு பார்க்கணும்னா தமிழ்நாட்டுக்குப் பக்கத்துல கர்நாடகாவுல நாகரஹொளேன்னு ஒரு காடு, அங்க உல்லாஸ் காரந்த், மெல் சன்குவிஸ்ட்னு ரெண்டு விஞ்ஞானிங்க வருஷக் கணக்கா பார்த்து எழுதினாங்க. புலி பெரிய உருப்படியா பார்த்து காட்டெருமை, கடமான் அடிக்கும், சிறுத்தையும் செந்நாயும் அத விட சின்னது, புள்ளிமான் மாதிரி, அதுல பொழைக்கும், செந்நாய் பகல்ல திரியும், மத்த ரெண்டும் பெரும்பாலும் ராத்திரியில. மான் மந்தை மந்தையா இருந்ததாலதான் இந்தப் பங்கு பிரிப்பு ஓடுச்சு. புலிக்கு சிறுத்தைய கண்டா ஆகாது, சிக்கினா கொன்னே போடும், ஆனா வயிறு நெறையிற எடத்துல ஒண்ணு இன்னொண்ணு வழிக்குப் போகாம ஒதுங்கி வாழ முடிஞ்சுது.

எடம் நெருங்கினா என்ன ஆகும்கிறதுக்கு இன்னொரு எடம் இருக்கு, வட இந்தியாவுல உத்தரகண்ட்ல ராஜாஜி காடு. அங்க 2000-கள்ல காட்டுக்குள்ள இருந்த மாட்டுக்காரங்கள வெளியில குடி வச்சாங்க, புலி திரும்ப பெருகுச்சு, நல்ல விஷயம்தான், ஆனா புலி உள்ள வர வர சிறுத்தை ஓரத்துக்கு தள்ளிட்டுப் போச்சு. உள்காட்டுல சிறுத்தை எண்ணிக்கை மளமளன்னு கொறஞ்சுது, மிச்சம் இருந்த சிறுத்தை தின்னதுல ஆடு மாடு நாய் பங்கு, முன்ன சுமார் 7 விழுக்காடு இருந்தது சில வருஷத்துலயே 30 விழுக்காட்டுக்கு மேல போயிடுச்சு. பெருசு வந்து ஒக்காந்தா சின்னது ஓரத்துக்கு வருது, ஓரத்துல யார் வீடு இருக்கு? ஏழைங்க வீடு. நம்ம நாட்டுல அந்த ஓரம்தான் தோட்டம், லயம், பூர்வகுடிங்களான ஓராங் அஸ்லி மக்களோட கம்போங்.

ஆனா நம்ம கதை ராஜாஜி கதை இல்ல ஐயா. அங்க புலி பெருகினதால ஓரத்துக்கு நெருக்குச்சு. நம்ம நாட்டுல புலி பெருகல, அழிஞ்சுக்கிட்டு இருக்கு. 1950-கள்ல 3,000 புலி இருந்திருக்கும்னு ஒரு மதிப்பீடு சொல்லுவாங்க, 2016-ல இருந்து 2020 வரைக்கும் நாடு முழுக்க கேமரா வச்சு எண்ணினதுல 150-க்கும் கொறச்சல்னு வந்துச்சு. நாட்டுச் சின்னத்துல ரெண்டு பக்கமும் நிக்கிற மிருகம், காட்டுல மொத்தமா 150 கூட இல்ல. அப்புறம் ஏன் தோட்டத்து ஓரத்துக்கு வருது? உள்ள வாய் கொறஞ்சு போச்சு, ஆனா தீனி அத விட வேகமா கொறஞ்சு போச்சு.

புலிக்கு ஒரு வருஷத்துக்கு மான் அளவுல 50 உருப்படி போல வேணும்னு சொல்லுவாங்க, அப்படின்னா வாரத்துக்கு ஒண்ணு. நம்ம காட்டுல அதுக்கு தீனி ரூசா மான், அதாவது கடமான், கீஜாங்னு சொல்ற குரைக்கிற மான், காட்டுப்பன்னி, எப்பவாவது செலாடாங், அதாவது காட்டெருமை. ரூசா மான வேட்டையாடி வேட்டையாடி பாதிக் காட்டுல காணோம், செலாடாங் அங்கங்க கொஞ்சம்தான் மிச்சம். நம்பி இருந்தது காட்டுப்பன்னிய. அதுக்கும் வந்துச்சு பாருங்க ஆப்பிரிக்கப் பன்னிக் காய்ச்சல், 2021 பிப்ரவரியில சபாவுல, அந்த வருஷக் கடைசியில தீபகற்பத்துலயும். மனுஷனுக்கு அது ஒண்ணும் பண்ணாது, புலிக்கும் ஒண்ணும் பண்ணாது, ஆனா பன்னிக்கு வந்தா கூட்டத்தோட சாகும். பண்ணைப் பன்னி எத்தன செத்துச்சு, பன்னி எறச்சி வெல என்ன ஏறுச்சுன்னு நீங்க எழுதினீங்க, நாங்களும் படிச்சோம். காட்டுக்குள்ள செத்த பன்னிய நம்பி இருந்த வாய் என்ன ஆச்சுன்னு நான் படிச்ச எந்தப் பேப்பர்லயும் பெருசா வரல. எங்க பக்கத்துல முன்னயெல்லாம் செம்பனைப் பழம் கொட்டிக் கெடந்தா பன்னி கூட்டமா வந்து கொதறிட்டுப் போகும், தோட்டத்து மேஸ்திரி மண்டோர் கத்துவாரு, பன்னி தொல்லை தாங்கலன்னு. அந்தப் பன்னி பின்னாலதான் புலி தோட்டத்துக்குள்ள வந்து போயிட்டு இருந்துச்சு, நெறைய பேருக்குத் தெரியாமயே. பன்னி கொறஞ்சப்புறமும் அந்த வழி அதுக்குப் பழக்கம், வந்து பார்த்தா பன்னி இல்ல, கயித்துல கட்டின மாடு இருக்கு.

அடுத்தது கண்ணி. இத நான் கையில பிடிச்சு பார்த்திருக்கேன், அதனால சொல்றேன். எங்க மாடு மேயிற பக்கம் ஓடைக்கு அந்தாண்ட ஒரு மிருகப் பாதை இருக்கு, ரெண்டு புதருக்கு நடுவுல ஆள் கால் அகலத்துக்கு மண்ணு வழுவழுன்னு தேஞ்சு கெடக்கும். அதுக்கு குறுக்க மோட்டோ கிளட்ச் கேபிள், அதே கேபிள்தான், ஹார்ட்வேர் கடையில அஞ்சாறு வெள்ளிக்கு கிடைக்கிறது, சுருக்கு போட்டு எலை சருக மேல தூவி வச்சிருந்தான். ஒரு முனைய வளைச்சு விட்ட சின்ன மரத்துல கட்டி, கால் வச்சா மரம் நிமிர்ந்து சுருக்கு இறுகுற மாதிரி. நாங்க பார்த்த கேபிள்ல மயிரும் காஞ்ச ரத்தமும் ஒட்டியிருந்துச்சு, மாட்டினது என்னமோ அறுத்துக்கிட்டு போயிருக்கு, இல்ல வச்சவன் வந்து எடுத்துட்டுப் போயிருக்கான். மான பிடிக்க வச்சேன்னுதான் சொல்லுவான், ஆனா சுருக்குக்கு மானும் புலியும் ஒண்ணுதான், செந்நாயும் ஒண்ணுதான், எங்க மாடும் ஒண்ணுதான். மூணு கால்ல நடக்கிற புலி ரூசா மான தொரத்த முடியாது, அதுக்கு கட்டிப் போட்ட மாடும் தெரு நாயும்தான் கதி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010, அதுல கண்ணி வைக்கிறது குத்தம், 2022-ல திருத்தம் கொண்டு வந்து தண்டனையையும் கூட்டினாங்க. சட்டம் இருக்கு. ஆனா தோட்டத்து ஓரத்துல பார்த்தா பார்க்காத மாதிரி போறவங்கதான் அதிகம், யாரோ தெரிஞ்சவன் வச்சிருப்பான், எதுக்கு வம்புன்னு.

ஐயா, காட்டுல தீனிக்காக நடக்கிற போட்டியில ஜெயிச்சது சிங்கமும் இல்ல புலியும் இல்ல, நாமதான் மொத்தத்தையும் பறிச்சவங்க. இந்தியாவுல சில எடத்துல செந்நாய் கூட்டம் மான அடிச்சதும் ஆளுங்க போய் கத்தி வெரட்டிட்டு கறிய தூக்கிட்டு வருவாங்களாம், அது கண்ணுக்குத் தெரியிற பறிப்பு. கண்ணி வச்சு மானையே இல்லாம பண்றது கண்ணுக்குத் தெரியாத பறிப்பு, செந்நாய் அடிக்கிறதுக்கு முன்னாலயே அதோட சாப்பாட்ட எடுத்துக்கிறது.

சிறுத்தையப் பத்தியும் ஒரு விஷயம் சொல்லணும், ஏன்னா எங்க பக்கம் நாய் காணாம போனா புலி புலின்னு எல்லாத்தையும் புலி கணக்குல எழுதிடுறாங்க. நம்ம தீபகற்பத்துல சிறுத்தை முக்காவாசிக்கு மேல கருப்பு, ஹரிமாவ் கும்பாங்னு மலாய்க்காரங்க சொல்றது அதத்தான். கருப்புங்கிறதால கேமராவுல விழுந்தாலும் எது எதுன்னு அடையாளம் தெரியாது, எத்தனன்னு எண்ண முடியாம இருந்துச்சு. திரங்கானுல கென்யிர் பக்கம் ஆராய்ச்சி பண்ணினவங்க பகல்லயும் கேமரா ராத்திரி மாதிரியே அகச்சிவப்பு ஒளியில படம் எடுக்கிற மாதிரி பண்ணிட்டாங்க, அந்த ஒளியில கருப்பு மயிருல மறைஞ்சிருக்கிற புள்ளி பளிச்சுன்னு தெரிஞ்சுது, ஒவ்வொண்ணுக்கும் புள்ளி வேற வேற, எண்ணிட்டாங்க, அது 2015-ல வெளிவந்துச்சு. எவ்வளவு அழகான வேலை பாருங்க. இந்த மாதிரி விஷயத்த நம்ம பிள்ளைங்க படிக்கணும். தோட்டத்து நாய தூக்குறது பெரும்பாலும் இந்தக் கருப்பு ஆளாத்தான் இருக்கும், புலிகிட்ட இருந்து ஒதுங்கி ஓரமா வாழ்றவன், நாய் அவனுக்கு அளவான தீனி.

இப்ப மாடு அடிபட்டா என்ன நடக்குதுன்னு சொல்றேன். காலையில போய் பார்க்கிறாங்க, தொண்டையில பல்லு எறங்கின ஓட்டை, கயிறு அறுந்து கெடக்கு, புல்ல சாச்சுக்கிட்டு ஓடைப் பக்கம் இழுத்துட்டுப் போன தடம், பின்தொடையில இருந்து தின்ன ஆரம்பிச்சு பாதி கூட முடிக்கல. ஊரே திரண்டு போகுது, போன தூக்கிக்கிட்டு. பட்டாசு வெடிக்கிறாங்க, தகரம் தட்டுறாங்க, சில பேர் மிச்சக் கறிய மண்ணுல பொதச்சிடுறாங்க, இன்னும் சில பேர் பூச்சி மருந்த ஊத்தி வச்சிடுறாங்க. புலி ஒரு மாட்ட அடிச்சா அங்கயே சுத்திக்கிட்டு ரெண்டு மூணு நாளைக்கு வந்து வந்து திங்கும். அத பாதியில வெரட்டினா மேல சொன்ன காட்டுநாய் கணக்குதான், பறி போனத ஈடு கட்டணும், அடுத்த ராத்திரி இன்னொரு மாடு. ஒரு மாட்டோட முடிய வேண்டியத நாமளே ரெண்டாக்குறோம். மருந்து ஊத்தினா புலி மட்டும் சாகாது, உடும்பு சாகும், நாய் சாகும், அந்தத் தண்ணி ஓடையில கலக்கும், அந்த ஓடையிலதான் மத்த மாடும் குடிக்குது.

அதுக்காக மாட்டுக்காரன் கைய கட்டிக்கிட்டு நிக்கணும்னு சொல்லல, நானும் மாட்டுக்காரன்தான். ஒரு மாடுங்கிறது எங்களுக்கு ஆயிரக்கணக்கான வெள்ளி, பிள்ளை காலேஜ் பீஸ் அது, தீவாளிச் செலவு அது. உயிர் பயமும் சும்மா சொல்றதில்ல, 2023 கடைசியில கிளந்தான்ல குவா மூசாங் பக்கம் ஆளுங்களையே புலி அடிச்சு செத்துப் போனாங்க, அந்தக் குடும்பத்துக்கிட்ட போய் புலி பாவம்னு பேச எனக்கு வாய் வராது. விடியக்காலம் இருட்டுல ரப்பர் மரத்துல பால் வெட்டப் போற பொம்பளைங்க இன்னமும் எங்க பக்கம் இருக்காங்க, மண்டவெளக்கு கட்டிக்கிட்டு குனிஞ்சு நிக்கிறப்ப பின்னால என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. அதனாலதான் சொல்றேன், வீரம் பேசிப் பிரயோஜனம் இல்ல, காரியம் பார்க்கணும். ராத்திரிக்கு மாட்ட காட்டு ஓரத்துல கயித்துல கட்டி விடாம கொட்டாய்க்குள்ள அடைங்க, உயரமா பலகையோ இரும்போ அடிச்சு, லைட்டு போட்டு. நாங்க அப்படி பண்ணினதுக்கு அப்புறம் எங்க கொட்டாய்க்கு எதுவும் வரல, சுத்தி காலடி இருந்துச்சு, ஆனா மாடு பத்திரமா இருக்கு. கன்னுக்குட்டி போடுற மாட்ட கண்டிப்பா வீட்டுப் பக்கம் கொண்டு வந்துடுங்க. அடிபட்டுக் கெடக்கிற மாட்டுகிட்ட கூட்டமா போகாதீங்க, தொடாதீங்க, வனவிலங்கு இலாகா பெர்ஹிலித்தானுக்கு போன் பண்ணி அவங்க வர்ற வரைக்கும் அந்தப் பக்கம் பாதைய அடைச்சு வைங்க, பிள்ளைங்கள அனுப்பாதீங்க. வெட்டுக்குப் போறவங்க தனியா போகாம ரெண்டு மூணு பேரா, வெளுத்தப்புறம் போக தோட்ட நிர்வாகம் நேரத்த மாத்திக் கொடுக்கணும், இத தொழிற்சங்கம் கேட்கணும். நாங்க கேட்டோம், எங்க நிர்வாகம் இன்னமும் பதில் சொல்லல.

ஆசிரியர் ஐயாவுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த தடவ புலி மாட்ட அடிச்சா நாலு வரியில பீதின்னு போட்டு விட்டுடாதீங்க. ஒரு நிருபர அனுப்புங்க, அந்த எடத்துக்குப் பின்னால இருக்கிற காடு யார் பொறுப்புல இருக்கு, வெட்டி வித்தாச்சா இல்ல இருக்கா, அங்க கடைசியா எப்ப கண்ணி எடுத்தாங்க, எத்தன எடுத்தாங்க, பன்னிக் காய்ச்சலுக்கு அப்புறம் அந்தக் காட்டுல பன்னி திரும்ப வந்துச்சான்னு பெர்ஹிலித்தான்கிட்ட கேட்டு எழுதுங்க. மாடு போனவருக்கு எங்கயாவது உதவி கிடைக்குமா, கிடைக்கும்னா எந்த ஆபிஸ்ல என்ன பாரம் நிரப்பணும், அத தமிழ்ல விளக்கமா போடுங்க, எங்க பக்கத்துல பாதிப் பேருக்கு மலாய் பாரம் நிரப்ப பிள்ளைங்க உதவி வேணும். ஓராங் அஸ்லி மக்கள்கிட்டயும் கேளுங்க, காட்டுல எந்தப் பக்கம் மான் இருக்கு, எந்தப் பக்கம் கேபிள் இருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்கும் தெரியாது, அவங்க சொன்னா கேட்கிறதுக்கு ஆள் இல்ல.

நாங்க கண்டுபிடிச்ச கேபிள பெர்ஹிலித்தான் ஆளுங்ககிட்ட கொடுத்துட்டோம், அவங்க வந்து எடத்தையும் பார்த்துட்டுப் போனாங்க. ஓடைக்கு அந்தாண்ட இன்னும் ரெண்டு பாதை இருக்கு, அதையும் தோட்டத்துப் பசங்கள கூட்டிக்கிட்டு அவங்களோட சேர்ந்து பார்க்கலாம்னு பேசியிருக்கோம், சம்மதம்னு சொல்லியிருக்காங்க, தேதி இன்னும் முடிவாகல. உங்க நிருபர் வர்றதா இருந்தா அன்னைக்கு வரட்டும், தங்கறதுக்கும் சாப்பாட்டுக்கும் எங்க வீடு இருக்கு.

இப்படிக்கு,
மாடு வளர்க்கும் ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.